கழற்றி வைத்த சப்பாத்து

திங்கட்கிழமை என்றால் முந்நூறு இடியப்பம். சனி, ஞாயிறு வீட்டில் சமைத்துக் களைத்த சனம் திங்கட்கிழமை கடையில்தான் வாங்கும் என்பது மார்க்கம் றோட்டுக் கடைக்காரரின் கணிப்பு. ஏழரைக்கு அவருடைய வான் கீழே வந்து நிற்கும். அதனால் வேரோனிக்கா நாலு மணிக்கே எழும்பி, புகை வந்தால் கத்துகிற கருவிக்கு ஒரு பிளாஸ்ரிக் பையைக் கட்டி அதன் வாயை அடைத்துவிட்டு, அடுப்பில் தண்ணீரை வைத்துவிடுவாள். ஆறரைக்கெல்லாம் அந்தப் பதினோராம் மாடி வீட்டின் சன்னல்கள் முழுக்க ஆவி படிந்து, வெளியே பனி கொட்டுகிறதா விட்டுவிட்டதா என்பதே தெரியாமல் போய்விடும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம் அது. ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் அந்தக் கட்டடத்தில் அடுப்பு மூட்டாத தமிழ் வீடு இல்லை என்றே சொல்லலாம். வேரோனிக்காவின் குசினியோ நாலு பேர் நின்றால் ஒருவர் வெளியே போக வேண்டிய அளவு. அவித்து இறக்கிய தட்டுகளை ஹோலில் பேப்பர் விரித்து, நிலத்தில் வரிசையாகப் பரப்பி ஆறவிடுவாள். ஹோலை வாடகைக்கு எடுத்திருந்த அன்புராசா தன் படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டு, தட்டுகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்து, சம்பலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏழு மணிக்குத் தொழிற்சாலை. கணவன் இக்னேசியஸ் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்து, உள்ளே போர்த்திக்கொண்டு கிடந்தான்.

கதவில் தட்டுக் கேட்டது. கடைக்காரர்தான் பொறுக்க மாட்டாமல் மேலே ஏறி வந்துவிட்டார் என்று நினைத்து, மா ஒட்டிய கையோடு போய்த் திறந்தாள். இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் எதையோ விரித்துக் காட்டிவிட்டு மடித்துக்கொண்டான். "இமிக்கிரேசன்" என்ற ஒரு சொல் மட்டும் அவளுக்கு விளங்கியது.

விளங்கிய கையோடு அவளுடைய தலை தானாகக் குனிந்தது. பேசாலையில் இருந்து மடு, வவுனியா, கொழும்பு என்று வந்து சேர்ந்த வழியில் ஆமிக்காரரின் எத்தனை சென்றிகளைத் தாண்டியிருப்பாள்! முகத்தைப் பார்த்தால் முறைத்தாய் என்பான், சிரித்தால் நக்கலா என்பான். எதற்கு வம்பு? நிலத்தைப் பார்த்தபடி அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினால் பாதி ஆபத்து தீர்ந்தது. அங்கே உயிரைக் காப்பாற்றிய பழக்கம் அது, ரொறன்ரோவுக்கு வந்தும் விட்டுப்போகவில்லை. அன்புராசாவும் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி, சுவரோடு ஒட்டி நின்று, தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே வேரோனிக்கா கண்டதெல்லாம் சப்பாத்துகள்தான். ஒரு சோடி மண்ணிறம். வீதியில் கொட்டும் உப்பு அதில் வெள்ளை வரியாகக் காய்ந்திருந்தது. வலது கால் கயிறு மட்டும் கறுப்பு. அந்தச் சோடி நேரே உள்ளே வந்து பேப்பரின் மேல் ஏறி, ஒரு தட்டு இடியப்பத்தை மிதித்துக்கொண்டு அறைப் பக்கம் போனது. மற்றச் சோடி கறுப்பு, பளபளப்பாக மினுங்கியது. அது வாசலில், வீட்டுக்காரரின் சப்பாத்துகள் வரிசையாய் இருந்த இடத்தில் தயங்கி நின்றது. பிறகு இரண்டு கைகள் குனிந்து வந்து கயிறுகளை அவிழ்த்தன. கறுப்புச் சப்பாத்துகள் இக்னேசியஸின் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டன. சாம்பல் நிறக் காலுறை, ஒரு பெருவிரலில் ஓட்டை. அந்தக் கால்கள் தட்டுகளுக்கு இடையே பார்த்துப் பார்த்து நடந்தன. அந்தக் கைகள் மிதிபடாத தட்டுகளைத் தூக்கிச் சோபாவில் வைத்தன.

இக்னேசியஸைக் கொண்டுவந்தார்கள். கை பின்னால் பூட்டியிருந்தது. அவனுடைய அகதி வழக்குத் தோற்றுப்போய் ஒன்பது மாதம். இலங்கையில் பூசாத் தடுப்பு முகாமில் பதினாலு மாதம் கிடந்தேன் என்று அவன் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு வரச்சொல்லி அனுப்பிய கடிதமும் பழைய வீட்டுக்குப் போய், அங்கே யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஆதாரம் வந்துவிட்டதே! அவனைச் சிறையில் பார்த்துப் பதிந்தவர்கள் செஞ்சிலுவைக்காரர்கள். அவர்களுடைய கொழும்புக் கந்தோரில் இக்னேசியஸின் தம்பி நடையாய் நடந்து வாங்கிய கடிதம், அங்கிருந்து வந்த ஒருவர் மூலம் சனிக்கிழமைதான் கிடைத்தது. திங்கள் பின்னேரம் லோயரிடம் கொடுக்க இருந்தார்கள். ஞாயிறு பூசை முடிய ஒரு போட்டோக் கொப்பி எடுத்திருக்கலாம். வெளியே குளிர், வயிற்றில் பசி, நாளைக்குப் பார்க்கலாம் என்று வந்துவிட்டார்கள்.

அவள் ஓடிப்போய் அலுமாரியில் இருந்த பழுப்பு என்வலப்பை எடுத்துவந்து, பழகிய மாதிரியே இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பூசா. றெட் குறொஸ். ஒறிஜினல், ஒறிஜினல்," என்றாள்.

மண்ணிறச் சப்பாத்துக்காரனின் கை அதை வாங்கிக்கொண்டது. வாசித்ததா இல்லையா, தெரியாது. திருப்பித் தரவில்லை என்பது மட்டும் தெரியும்.

வாசலில் கறுப்புச் சப்பாத்துக்காரன் செய்த வேலையை அவள் சாகும்வரை மறக்கப் போவதில்லை. கை பூட்டியிருந்த இக்னேசியஸால் குனிய முடியவில்லை. கறுப்புச் சப்பாத்துக்காரன் முழங்காலிட்டு, அவனுடைய காலைத் தூக்கிச் சப்பாத்துக்குள் விட்டு, கயிற்றைக் கட்டினான். அந்த நேரமெல்லாம் கட்டிவிட்டவனுடைய சப்பாத்து வாயைப் பிளந்தபடி பக்கத்தில் கிடந்தது. அதன் உள்நாக்கில் வெள்ளை மையால் எழுதியிருந்த நாலு இலக்கங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர்கள் போன பின்னாலே வெறுங்காலோடு ஓடினாள். பேசாலையில் ஆளைப் பிடித்துக்கொண்டு போனால் பெண்கள் அழுவதற்கு முதல் வண்டி நம்பரைத்தான் பார்ப்பார்கள். பிறகு எந்த முகாம் வாசலில் போய் நிற்பது என்று தெரிய வேண்டுமே! லிப்ற் வர நேரம் எடுத்தது. கீழே போனபோது வெள்ளை வான் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. நம்பர்த்தகடு முழுக்க உப்புச் சேறு.

* * *

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இலவசச் சட்டக் கந்தோரில் வேலை செய்யும் புனிதவதி அவளுக்கு எதிரே ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு இருந்தார். கணவனின் தமக்கை றோஸ்மேரி அஜக்ஸில் இருந்து காரில் வந்து கூட இருந்தாள். அன்புராசா வேலைக்குப் போகாமல் சாட்சிக்கு வந்திருந்தான். இக்னேசியஸ் விமான நிலையத்துக்குக் கிட்ட, ரெக்ஸ்டேல் பக்கத்துத் தடுப்புமுகாமில் இருக்கிறான் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. அவனுடைய பொருட்களில் ஒரு மணிக்கூடு, ஒரு செபமாலை, ஒரு பெல்ற். என்வலப் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு அவனுக்குக் கொழும்புக்கு பிளேன். கொழும்பில் இருந்து இன்னொரு கடிதம் எடுக்க மாதக் கணக்காகும்.

"ஆரிட்டைக் குடுத்தனீர்?" புனிதவதி கேட்டார்.

"வந்த ஆளிட்டை."

"பேர்?"

"சொல்லேல்லை."

"காட் காட்டினவரோ?"

"எதையோ விரிச்சுக் காட்டினவர் அக்கா. நான் பாக்கேல்லை."

"ஆள் எப்பிடி? தாடி, மீசை, கண்ணாடி?"

வேரோனிக்கா அன்புராசாவைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"அக்கா, சப்பாத்தைச் சொல்லட்டோ?"

"என்ன?"

"மண்ணிறம். வலது கயிறு கறுப்பு."

"இடது குதி தேஞ்சது," என்றான் அன்புராசா, அதையாவது சொல்லக் கிடைத்ததே என்று.

புனிதவதி பேனையைக் கீழே வைத்தார். அவர் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முதலே வந்தவர், சென்றியில் நின்று பழகாதவர். "ரெண்டு பேர் வீட்டை நிண்டு, ஒருத்தரும் ஒரு முகத்தைப் பாக்கேல்லையோ? இதை நான் எப்பிடி இங்கிலிசிலை எழுதுறது?"

"அக்கா, பாத்திருந்தா அடிச்சிருப்பாங்கள்."

"இஞ்சை ஆர் தம்பி உம்மை அடிக்கிறது?"

"அது தெரியும். தலைக்குத் தெரியேல்லையே," என்றான் அன்புராசா.

அவருக்குக் கோபம் போய்விட்டது. மெல்லச் சொன்னார்: "வடிவாக் கேளுங்கோ. இது மாகாணச் சட்டம். பொலிஸ் பிழை விட்டா ஆரும் முறைப்பாடு குடுக்கலாம். சிற்றிசனோ அகதியோ எண்டு கேளாயினம். புது அரசாங்கம் இந்த முறைப்பாட்டுக் கந்தோரையே மூடப்போகுதாம், அது வேறை கதை. ஆனா இமிக்கிரேசன்காரர் பெடரல் ஆக்கள், அவையிலை இந்தச் சட்டம் தொடாது. வந்த ரெண்டு பேரிலை ஆர் பொலிஸ், ஆர் மற்றது எண்டு தெரிய வேணும். ஒரு நம்பராவது இருந்தாத்தான் பிடிக்கலாம்."

வேரோனிக்கா தன் கையில் நகத்துக்குள் காய்ந்திருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நம்பர் இருக்கு," என்றாள். "நாலு நாலு ஒண்டு ஏழு."

றோஸ்மேரி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "அடி பாவி! உதைச் சொல்ல உனக்கு ஒண்டரை நாளோ?"

"அது மற்றப் பெடியன்ரை நம்பர், மச்சாள். சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு வந்தவன். இவருக்குச் சப்பாத்துக் கட்டி விட்டவன். என்வலப்பை வாங்கினது அவனில்லை."

"என்ரை தம்பியைக் கொண்டு போனவங்களிலை நல்லவன் ஆர், கெட்டவன் ஆர்? எழுது."

"அவனை மாட்டிவிட்டா அவன்ரை வேலை போயிடுமெல்லோ?"

"தம்பியின்ரை உயிர் போனாப் பரவாயில்லையோ உனக்கு?"

அந்தச் சொல் வேரோனிக்காவுக்கு நெஞ்சில் சுட்டது. அவள் அழவில்லை. அழுதால் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது.

"இன்னொண்டும் இருக்கு," என்று புனிதவதி படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "முறைப்பாடு குடுக்கிறவர் தன்ரை பேர், விலாசம் எழுதிக் கையெழுத்து வைக்க வேணும். உம்மடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. அதையும் யோசியும்."

றோஸ்மேரி உடனே இறங்கி வந்தாள். "அப்ப அவளின்ரை பேர் வேண்டாம். மொட்டையாக் குடுப்பம்."

"மொட்டைக் கடிதம் எடுக்க மாட்டினம்."

நல்ல நியாயம்தான். பேர் சொல்லாமல் வந்தவர்களைப் பற்றி முறையிட வேண்டுமென்றால் முறையிடுகிறவள் பேர் சொல்ல வேண்டும்!

வேரோனிக்கா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "எழுதமுதல் அந்தப் பெடியனை ஒருக்காக் கேக்க வேணும்," என்றாள்.

"உனக்கு விசரே?" என்றாள் றோஸ்மேரி.

புனிதவதி ரெலிபோனை எடுத்தார். நம்பரைச் சொல்லிக் கேட்டதில் அது எந்த ஸ்ரேசன் என்று அகப்பட்டது.

* * *

புதன்கிழமை பஸ்சில் போனார்கள். வேரோனிக்கா ஒரு பார்சல் இடியப்பமும் சொதியும் மடியில் வைத்திருந்தாள். "உதைப் பையுக்கை வையும். லஞ்சம் எண்டு எங்களையும் உள்ளை போடுவினம்," என்றார் புனிதவதி.

பொலிஸ் ஸ்ரேசனில் கவுண்டருக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு கதவு திறந்தது. வேரோனிக்கா நிலத்தைப் பார்த்தாள். கறுப்பு. பளபளப்பு.

"இவர்தான்," என்றாள் குனிந்தபடியே.

பிறகுதான், கழுத்தில் யாரோ கையை வைத்து அமத்துவது போன்ற பயத்தோடு, தலையை நிமிர்த்தினாள். செம்பட்டைப் புருவம். கன்னமெல்லாம் புள்ளி. இருபத்தைந்து வயது இருக்கலாம். முகத்தைக் கண்டதும் அவளுக்குக் கோபமும் வரவில்லை, பயமும் இருந்த இடம் தெரியவில்லை. இந்த முகத்தை அன்றே பார்த்திருந்தால் ஆங்கிலம் தெரியாவிட்டாலும் ஏதாவது கெஞ்சிக் கேட்டிருக்கலாமே என்று துக்கம்தான் வந்தது. அவன் தோளிலும் அதே நாலு இலக்கங்கள் இருந்தன. அன்று குளிர்ச்சட்டைக்குள் இருந்திருக்கும்.

அவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். புனிதவதி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

"உம்மடை மனுசன் எப்பிடி இருக்கிறார் எண்டு கேக்கிறார்."

"நாளையிண்டைக்கு அனுப்பப் போகினம் எண்டு சொல்லுங்கோ. என்வலப்பை மற்ற ஆள் வாங்கினதை இவர் பாத்தவர். அந்த ஆள் ஆர் எண்டு கேளுங்கோ."

அவன் திரும்பி மேசைப் பக்கம் பார்த்தான். அங்கே வயது போன அதிகாரி ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவன் குரலைத் தணித்துப் பேசினான்.

"வாயாலை கேட்டா ஒண்டும் சொல்ல ஏலாதாம்," என்றார் புனிதவதி. "ஆனா ஒவ்வொரு வேலைக்கும் தாங்கள் ஒரு குறிப்புக் கொப்பியிலை எழுதுறதாம். எத்தினை மணிக்குப் போனது, ஆரோடை போனது, என்ன நடந்தது, எல்லாம். தன்ரை நம்பர் போட்டு முறைப்பாடு வந்தா அந்தப் பக்கத்தைக் குடுத்துத்தான் ஆகவேணுமாம். லோயரும் கேட்டு எடுக்கலாமாம்."

"அப்ப முறைப்பாடு இவர்மேலையோ? இவர் ஒரு பிழையும் விடேல்லையே!"

புனிதவதி அதைச் சொன்னதும் அவன் சிரித்தான். பிறகு ஒன்று கேட்டான்.

"அண்டைக்குத் தான் மேலைச் சட்டை போட்டிருந்ததாம். நம்பர் உமக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறார்."

வேரோனிக்கா அவனுடைய சப்பாத்தைக் காட்டினாள்.

அவன் குனிந்து பார்த்தான். அவன் முகம் மெல்லச் சிவந்தது. வெட்கப்படுகிறான் என்று நினைத்தாள், காலுறையின் ஓட்டை நினைவுக்கு வந்திருக்கும் என்று. நிமிர்ந்து அவன் சின்னதாக ஒரு சொல் சொன்னான்.

"என்னவாம்?"

"எழுதட்டாம்."

"அவரின்ரை பேரைக் கேளுங்கோ அக்கா. பேரைச் சொல்லி ஒரு நன்றி சொல்ல வேணும்."

மேசைக்காரர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். அவன் தோளில் இருந்த நம்பரை ஒரு விரலால் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. பையில் இருந்த இடியப்பம் பையிலேயே இருந்தது.

பஸ் தரிப்பில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புனிதவதியின் தோற்பையை மேசையாக்கி வேரோனிக்கா கையெழுத்து வைத்தாள். தன் பேர், தன் விலாசம், கீழே அவனுடைய நம்பர். குளிரில் பேனை எழுதாமல் இரண்டு தரம் ஊதி ஊதி எழுதினாள்.

* * *

வெள்ளிக்கிழமை அவள் இடியப்பம் அவிக்கவில்லை. கடைக்காரர் ரெலிபோனில் சத்தம் போட்டார், போடட்டும் என்று விட்டுவிட்டாள். தடுப்புமுகாமுக்குக் கொண்டுபோக இக்னேசியஸின் சூட்கேசை அடுக்க வேண்டியிருந்தது. கொழும்புக்குக் குளிர்ச்சட்டை எதற்கு? எடுத்து வெளியே வைத்தாள். வெளியே வைத்தால் அவன் இனித் திரும்பி வரமாட்டான் என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. திரும்ப உள்ளே வைத்தாள். சூட்கேஸ் பூட்ட மறுத்தது.

"அக்கா, நான் மேலை இருக்கிறன், நீங்கள் பூட்டுங்கோ," என்றான் அன்புராசா.

"வேண்டாம் தம்பி. திறந்தபடி கிடக்கட்டும்."

மூன்று மணிக்கு றோஸ்மேரி காரோடு வந்துவிட்டாள். கோட்டைக் கழற்றாமல் கதவடியில் நின்றாள். "401 றோட்டு அடைச்சுக் கிடக்கு. இப்ப வெளிக்கிட்டாத்தான் முகத்தையாவது பாக்கலாம்."

"ரெலிபோன் வரும் மச்சாள்."

"வராட்டி? கடைசியா ஒருக்கா அவன்ரை முகத்தைப் பாக்காமல் விட்டிட்டன் எண்டு நான் சாகும்வரை அழுறதோ?"

"இன்னும் அரை மணித்தியாலம்."

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க ரெலிபோன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"நிப்பாட்டியாச்சு!" புனிதவதியின் குரல் உடைந்திருந்தது. "அந்தக் கொப்பிப் பக்கத்தை லோயர் நீதிபதியிட்டைக் குடுத்தவர். எல்லாம் எழுதியிருக்கிறான், பிள்ளை. மனுசி பழுப்பு என்வலப் ஒண்டை அதிகாரியிட்டைக் குடுத்தார், அதிகாரி அதைச் சட்டைப் பையுக்கை வைச்சார் எண்டு நேரத்தோடை எழுதியிருக்கிறான். கடிதத்தைக் கண்டுபிடிக்குமட்டும் அனுப்பேலாது எண்டு தீர்ப்பு."

வேரோனிக்கா ரெலிபோனைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டாள். றோஸ்மேரி ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து, "என்னை மன்னிச்சுக்கொள் வேரோனி, என்னை மன்னிச்சுக்கொள்," என்று விம்மினாள். அன்புராசா சூட்கேசை இழுத்துக்கொண்டு போய் அறைக்குள் கவிழ்த்துக் கொட்டினான்.

அடுத்த கிழமை அந்த என்வலப் வானின் இருக்கைக்குக் கீழே கிடந்ததாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சட்டைப் பையில் இருந்தது இருக்கைக்குக் கீழே எப்படி நடந்து போனது என்று யாரும் கேட்கவில்லை. இக்னேசியஸ் பங்குனி பிறக்க வீட்டுக்கு வந்தான்.

* * *

முறைப்பாட்டுக்கு மறுமொழி ஆனி மாதம் வந்தது. இரண்டு பக்கம். புனிதவதி வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். இக்னேசியஸும் பக்கத்தில் இருந்தான்.

"முதலாவது ஆள், மண்ணிறச் சப்பாத்து. அவர் பொலிஸ் இல்லையாம். அதாலை இந்தச் சட்டம் அவரைத் தொடாதாம். பேரும் தரேலாதாம்."

"ம்."

"ரெண்டாவது, நாலு நாலு ஒண்டு ஏழு." புனிதவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். "என்வலப் விசயத்திலை அவரிலை பிழை இல்லையாம். ஆனா, கடமை நேரத்திலை, ஒருத்தரைக் கைது செய்யப் போன இடத்திலை, பாதுகாப்பு ஒழுங்கை மீறிக் காலணியைக் கழட்டினது குற்றமாம். அவரே கொப்பியிலை எழுதியிருக்கிறாராம். ஆறு நாள் லீவு வெட்டு. இனி உப்பிடி வேலைக்கு அனுப்பாயினமாம்."

வேரோனிக்காவுக்கு ஸ்ரேசனில் அந்த முகம் சிவந்தது நினைவுக்கு வந்தது. அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் எழுதட்டும் என்றிருக்கிறான்.

"அவன்ரை பேர் என்னவாம்?" என்று கேட்டான் இக்னேசியஸ்.

புனிதவதி இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "போடேல்லை. நம்பர்தான்."

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு முதல், வேரோனிக்கா கோயில் வாசலில் மேசை போட்டிருந்த அமிர்தநாதரிடம் போனாள். பூசைக் கருத்துகளை அவர்தான் எழுதி எடுப்பார். செத்தவருக்கு, சுகமில்லாதவருக்கு, சோதனை எழுதும் பிள்ளைக்கு என்று யாருக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டுமோ அவருடைய பேரைத் துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் கொடுத்த துண்டை அவர் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"உது என்ன பிள்ளை, ரெலிபோன் நம்பரோ? குறைஞ்சு கிடக்கு."

"அது ஆள், அங்கிள்."

"பேர் இல்லையோ?"

"தரமாட்டினமாம்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பட்டியலில் கடைசியாக எழுதிக்கொண்டார்.

பூசையில் சுவாமியார் பேர்களை வாசித்துக்கொண்டு வந்தவர், கடைசி வரியில் தடக்கி நின்றார். தாளை விளக்குப் பக்கம் சரித்தார். பிறகு ஒவ்வொன்றாக, பிழை விடக்கூடாது என்ற கவனத்தோடு வாசித்தார்: "நான்கு, நான்கு, ஒன்று, ஏழு."

முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். வேரோனிக்கா தலையைக் குனியவில்லை. கேட்டருளும் என்று சனம் சொன்னபோது அவளுடைய குரல்தான் முதலில் கேட்டது.